வீர வழிபாட்டின் விபரீதம்

வானத்தில் பறக்க வல்லவனும், கண்களிலிருந்து நெருப்புக் கதிரை ஏவ வல்லவனுமான ஒரு வீரன், நகர வீதியில் கூடியுள்ள ஜனத்திரளின் முன்பு தன் மகனை அழைத்து வந்து நிறுத்துகிறான். ஒரு சாரார் வாழ்த்துக் கோஷம் எழுப்புகின்றனர். மற்றொரு சாரார் எதிர்க்கின்றனர். எதிர்த்தவர்களில் ஒருவன் கையிலிருந்த பொருளைச் சிறுவன்மீது எறிந்துவிடுகிறான். மறுகணம் வீரனுடைய கண்களிலிருந்து நெருப்புப் பாய, எறிந்தவன் தலை சிதறி மாள்கிறான். கூட்டம் திகைத்து நிற்கிறது. தான் செய்துவிட்டதை எண்ணி வீரனுக்கே ஒரு கணம் கலக்கம் உண்டாகிறது. அப்பொழுது கூட்டத்தில் யாரோ ஒருவன் மகிழ்ச்சிக் கூச்சலிடுகிறான். அதைத் தொடர்ந்து நாற்புறமும் ஆரவாரம் எழுகிறது. பட்டப்பகலில் நடந்த கொலைக்குக் கரகோஷம்! வீரனின் முகத்தில் புன்னகை அரும்புகிறது.

இது மெய்யாக நிகழ்ந்ததன்று. ‘தி பாய்ஸ்’ என்னும் அமெரிக்கத் தொடர் நாடகத்தின் மூன்றாம் பகுதி முடிவில், 2022 ஜூலை மாதத்தில் காட்டப்பட்ட கற்பனைக் காட்சி. ஆயினும் அதைக் கண்டோர் உள்ளத்தில் எழும் கேள்வி கற்பனையானதன்று. அந்த வீதியில் குற்றவாளி யார்? கொன்றவன் ஒருவன் மட்டுமோ? கை தட்டியவர்களுக்கு அதில் பங்கில்லையோ? ‘சூப்பர் ஹீரோ’ என வழங்கப்படும் அசகாய சூரர்களைப் பரிகசிக்கும் நூல்களும் நாடகங்களும் அமெரிக்காவில் எழுபது ஆண்டுகளாகத் தோன்றி வருகின்றன. அவற்றுள் சிறந்தவை யாவும் இந்த இரண்டாவது கேள்வியையே கேட்கின்றன என்பது நமது அபிப்பிராயம். வேடிக்கைக் கதைதானே என்று ஒதுக்கத்தக்க விஷயமன்று இது. அதிகாரத்தை நம்பி ஒப்படைக்கும் ஒவ்வொரு ஜன சமூகத்துக்கும் இதில் படிப்பினை உண்டு.

முதலில் அசகாய சூரனுக்கும் நியாயம் வழங்குவோம். சூப்பர்மேன் என்னும் பாத்திரம் 1938-ஆம் ஆண்டில் பிறந்தது. கிளீவ்லாந்து நகரில் வளர்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு யூத இளைஞர்கள் அவனைப் படைத்தார்கள். அமெரிக்காவில் பொருளாதார மந்தத்தால் தொழிலாளர் வேலையற்றுத் திண்டாடிய காலம் அது. ஐரோப்பாவில் ஹிட்லரின் கொடுங்கோல் யூதரை வதைத்துக்கொண்டிருந்தது. ஆதலின் முதல் இதழ்களில் வந்த சூப்பர்மேன், மனைவியை அடிக்கும் கணவனையும், லஞ்ச பேரத்தில் ஈடுபட்ட அரசியல்வாதியையும், தொழிலாளரின் உயிரைத் துரும்பாய் மதித்த சுரங்க முதலாளியையும் தண்டிப்பவனாக விளங்கினான். 1941-ஆம் ஆண்டுத் தேதியுடன் வெளிவந்த ‘காப்டன் அமெரிக்கா’ முதல் இதழின் அட்டையிலோ, அந்தச் சூரன் ஹிட்லரின் முகத்திலேயே குத்துவிடுகிறான். அமெரிக்கா அப்பொழுது இன்னும் யுத்தத்தில் இறங்கியிருக்கவில்லை என்பதை நினைக்குமிடத்து, அதை வரைந்தவர்களின் துணிவு பாராட்டற்குரியது. ஏழைக்கும் எளியவனுக்கும் நீதி எட்டாதபொழுது, பலவான் ஒருவன் வந்து காப்பான் என்று கனவு காண்பது மனித இயற்கை. அக்கனவை நாம் இகழவில்லை.

ஆனால் அக்கனவின் உள்ளே ஒரு நஞ்சு இருந்தது. அசகாய சூரன் போலீஸ்காரனுமல்லன், நீதிபதியுமல்லன். அவனை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவனைப் பதவியிலிருந்து நீக்குவதற்கும் வழியில்லை. அவன் நல்லவனாயிருக்கிறான் என்பது ஒன்றே நமக்குள்ள பாதுகாப்பு. அவன் நல்லவனாயிராவிடின் என் செய்வது? இக்கேள்விக்குச் சூரர் கதைகளில் விடையில்லை. பரிகாசக் கதைகள் பிறந்ததற்குக் காரணம் இதுவே.

1953-ஆம் ஆண்டில் ‘மாட்’ என்னும் நகைச்சுவைப் பத்திரிகை, ஹார்வி கர்ட்ஸ்மன் எழுத வாலி வுட் வரைந்த ‘சூப்பர்டூப்பர்மேன்’ என்ற சிறு கதையை வெளியிட்டது. சூப்பர்மேனையும் அவனுக்குப் போட்டியாக விற்பனையான மற்றொரு சூரனையும் அது ஒருங்கே கேலி செய்தது. சூரன் அற்ப புத்தியுள்ளவன். தன் பராக்கிரமத்தைக் கொண்டு இழிவான காரியங்கள் செய்கிறான். இறுதியில் மாற்றுடை களைந்து தன்னை வெளிப்படுத்திய பின்னும், அவன் விரும்பிய பெண் அவனை இகழ்ந்து செல்கிறாள். பலம் வந்துவிட்டதனால் ஒருவனுக்குப் பண்பும் வந்துவிடாது என்ற எளிய உண்மையை இக்கதை சிரிப்போடு கலந்து கொடுத்தது.

அடுத்த ஆண்டிலேயே நிலைமை மாறியது. சித்திரக் கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்ற கூக்குரல் அமெரிக்காவில் எழுந்து, செனட் சபையின் கமிட்டி ஒன்று 1954-இல் விசாரணை நடத்தியது. சர்க்கார் சட்டமியற்றுமோ என்றஞ்சிய பிரசுரகர்த்தர்கள், தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதித் தொகுதியை அவ்வாண்டிலேயே வகுத்துக்கொண்டனர். அதில் ஒரு விதி கவனிக்கத்தக்கது. போலீஸ்காரர், நீதிபதிகள், சர்க்கார் அதிகாரிகள் முதலியோரை, நிலைபெற்ற அதிகாரத்தின்மீது அவமதிப்பு உண்டாகும்படி சித்திரிக்கலாகாது என்பதே அவ்விதி. சிறுவர்களைக் காப்பதற்கென்று கூறி வகுத்த விதிகளுக்கிடையே அதிகாரிகளைக் காக்கும் விதியும் நுழைந்துவிட்ட வேடிக்கையை என்னென்பது! ‘மாட்’ 1955-இல் சித்திரக் கதை உருவை விட்டுச் சாதாரணப் பத்திரிகை உருவம் பெற்றமையால் இவ்விதிகளுக்குப் புறம்பாய் நின்று தொடர்ந்து சிரித்தது. மற்றவை பல ஆண்டுகள் வாய் பொத்தி நின்றன. நாளடைவில் வலுவிழந்த அந்த விதித் தொகுதியைக் கடைசிப் பிரசுரகர்த்தர்களும் கைவிட்டது 2011-ஆம் ஆண்டில்தான்.

காவலர்மீது காவல் வேண்டாவோ என்பது ரோமாபுரியின் பரிகாசக் கவி ஜுவெனால் காலத்திலிருந்தே மனிதரை வாட்டிவரும் கேள்வி. அதனையே தலைப்பாகவும் பொருளாகவும் கொண்டு, ஆங்கிலேயரான ஆலன் மூர் எழுத டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ என்னும் சித்திரக் கதை 1986, 1987 ஆண்டுகளில் பன்னிரண்டு இதழ்களாக வெளிவந்தது. அதில் அளவற்ற சக்தி படைத்த ஒருவன் அமெரிக்க சர்க்காரின் ஆயுதமாகிறான். அவனைக் கொண்டு வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கா வெற்றி பெறுகிறது. நிக்ஸன் பதவியை விடாது நீடிக்கிறார். அறிவிற் சிறந்தவன் எனப் புகழ்பெற்ற மற்றொரு சூரனோ, அணு யுத்தத்தைத் தடுக்கும் பொருட்டு என்று கூறி, நியூயார்க் நகரில் லட்சக்கணக்கான மக்களைத் தானே கொன்று, பழியை வேறிடத்தில் சுமத்துகிறான். உலகத்தைக் காப்பதற்கு உலகத்தைக் கேட்க வேண்டுவதில்லை என்பது அவன் கொள்கை. சர்வாதிகாரிகள் அனைவருடைய கொள்கையும் அதுவேயன்றோ? அவர்களில் எவனும் தான் தீமை செய்வதாகக் கூறிக்கொண்டதில்லை.

இனி முன்கூறிய ‘தி பாய்ஸ்’ கதைக்கு வருவோம். கார்த் என்னிஸ் எழுத டாரிக் ராபர்ட்சன் வரைந்த அச்சித்திரக் கதையை, 2006-இல் வெளியிடத் தொடங்கியது சூப்பர்மேனுக்கு உரிமை பூண்ட டீஸி ஸ்தாபனத்தின் ஒரு கிளையே. ஆறு இதழ்கள் வந்ததும் அது கைவிடப்பட்டது. வேறொரு பிரசுராலயம் ஏற்று 2012 வரை நடத்தியது. எரிக் கிரிப்கி அதனைத் தொடர் நாடகமாக்க, அமேஸான் கம்பெனி 2019 ஜூலை முதல் வெளியிட்டது. முந்திய பரிகாசங்களில் இல்லாத ஒன்று இதில் சேர்ந்திருக்கிறது. அது வியாபாரம். இக்கதையின் சூரர்கள் யாவரும் ‘வாட்’ என்னும் பெருங் கம்பெனியின் சம்பளக்காரர்கள். அவர்களுடைய சக்தி கடவுள் அளித்த வரமென்று அக்கம்பெனி உலகை நம்பச் செய்கிறது. உண்மையில் குழந்தைகளின் உடலில் செலுத்தப்பட்ட ஒரு மருந்தின் விளைவே அது. அவர்களை வைத்துச் சினிமா எடுக்கிறது, பொம்மை விற்கிறது, ராணுவத்துக்கு அவர்களை வாடகைக்கு விடவும் முயல்கிறது. அவர்களுடைய செல்வாக்கு நூற்றுக்கு எத்தனை பங்கு ஏறிற்று, எத்தனை இறங்கிற்று என்பதை வியாபாரி சரக்கின் விலையைக் கவனிப்பதுபோல் கவனிக்கிறது. சூரன் ஒருவன் மின்னல் வேகத்தில் ஓடுகையில் வீதியோரம் நின்ற ஒரு பெண்மீது மோதி அவளைக் கொன்றுவிட, அவளுடைய காதலனிடம் சிறு தொகையையும் வாய் திறவாதிருக்க ஒப்பந்தப் பத்திரத்தையும் நீட்டுகிறது.

அதே கதையில் மற்றொரு காட்சி. பகைவர் கைப்பற்றிய ஆகாய விமானம் ஒன்றை மீட்க, ஹோம்லாண்டர் என்னும் தலைமைச் சூரன் செல்கிறான். பகைவரைக் கொல்லும் வேகத்தில் விமானத்தைச் செலுத்தும் கருவிகளையும் தானே எரித்துவிடுகிறான். பிரயாணிகளுள் சிலரையேனும் காப்பாற்றலாமென்று உடன் வந்தவள் மன்றாடுகிறாள். பிழைத்தவர் உண்மையை வெளியிட்டுவிடுவர் என்ற காரணத்தால் அவன் எல்லோரையும் சாகவிட்டுத் திரும்புகிறான். பின்பு கடற்கரையில் ஒதுங்கிய சிதைவுகளிடையே நின்று கண் கலங்கப் பேசி, சூரர்களுக்கு ராணுவத்தில் இடமளித்திருந்தால் இவ்விபத்தைத் தடுத்திருக்கலாம் என்கிறான்! தன் தவறால் விளைந்த கேட்டையே தனக்கு மேலும் அதிகாரம் கோருவதற்குச் சாதனமாக்கும் இந்த வித்தையைச் சரித்திரம் படித்தோர் பலமுறை கண்டிருப்பர். இக்காட்சியில் நகைக்க ஏதுமில்லை. ஆயினும் பரிகாசத்தின் உச்சம் இதுவேயென்று நாம் சொல்வோம்.

பஸ்மாசுரன் கதை நமக்குத் தெரியாததன்று. யார் தலையில் கை வைத்தாலும் அவர் சாம்பலாக வேண்டுமென்று வரம் கேட்டான், சிவபெருமான் கொடுத்தார், வரத்தைச் சோதிக்க அவர் தலைமீதே கை வைக்க வந்தான். அசுரன் கெட்டவன் என்பதை மட்டும் இக்கதையிலிருந்து நாம் கற்றுக்கொண்டால் பாதிப் பாடமே கற்றவர்களாவோம். வரம் கொடுத்தவரும் ஓடி ஒளிய நேர்ந்தது என்பதே மற்றப் பாதி. திரும்பப் பெற வழியில்லாத வரத்தைக் கொடுப்பவன், தன் தலையையும் சேர்த்தே கொடுக்கிறான். புராணத்தில் மோகினி வந்து காத்தாள். ஜன சமூகங்களைக் காக்க எந்த மோகினியும் வருவதில்லை.

நிற்க. இத்தகைய பரிகாசத்தால் வீர வழிபாடு ஒழிந்ததா என்று வாசகர்கள் கேட்கலாம். ஒழியவில்லை என்பதே வருந்தத்தக்க விடை. ‘வாட்ச்மென்’ கதையில் ரோர்ஷாக் என்றொரு முகமூடிக்காரன் வருகிறான். இரக்கமற்றவனும் சித்தம் திரிந்தவனுமான அவனை எச்சரிக்கையாகவே மூர் படைத்தார். வாசகர்களில் அநேகர் அவனையே ஆதர்ச புருஷனாகக் கொண்டாடினர். 1974-இல் ஜெர்ரி கான்வே முதலியோர் படைத்த ‘பனிஷர்’ என்னும் பாத்திரம், சட்டத்தில் நம்பிக்கையிழந்து தானே கொலைத் தண்டனை நிறைவேற்றித் திரியும் பழைய போர்வீரன். மார்பில் மண்டையோடு அவன் சின்னம். அச்சின்னத்தை இராக் சென்ற அமெரிக்கச் சிப்பாய்கள் அணிந்தனர். 2017-இல் கென்டக்கி மாகாணத்தில் ஒரு சிற்றூர்ப் போலீஸார் தம் மோட்டார் வண்டிகளில் அதை ஒட்டி, கண்டனம் எழுந்த பின்னரே அகற்றினர். சட்டத்தின் தோல்விக்கு அடையாளமான ஒருவனின் சின்னத்தைச் சட்டத்தின் காவலர்கள் அணிவது எத்தகைய முரண்பாடு என்று கான்வேயே பகிரங்கமாகக் கண்டித்தார். மினியாபொலிஸ் நகரில் போலீஸார் பிடியில் ஜார்ஜ் பிளாய்டு மாண்ட 2020-ஆம் ஆண்டில், நீக்ரோ மக்களின் உரிமைக் கிளர்ச்சிக்கு உதவியாக அச்சின்னத்தை மாற்றி வரையுமாறு ஓவியர்களை அழைத்தார். எழுதியவன் ‘இவனைப் பார்த்து அஞ்சுங்கள்’ என்றான். படித்தவர்கள் ‘இவனைப்போல் ஆவோம்’ என்றனர். ஹோம்லாண்டரின் கதியும் இதுவே. அவன் நாடகத்தின் கொடியவன் என்பதையறியாது அவனை மெச்சிய ரசிகர் சிலரும் இருந்தனர்.

மற்றொரு முரண்பாட்டையும் மறைக்க நாம் விரும்பவில்லை. வீரத்தைச் சரக்காக்கி விற்கும் கம்பெனியைப் பரிகசிக்கும் இந்நாடகத்தை விற்பது, உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளுள் ஒன்றான அமேஸான். கதையிலுள்ள கம்பெனி ராணுவ ஒப்பந்தத்துக்கு அலைகிறது. அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவுக்குக் கணினிச் சேவை அளிக்க 2022 டிசம்பரில் ஒப்பந்தம் பெற்ற நான்கு கம்பெனிகளில் அமேஸானின் கிளையும் ஒன்று. சூப்பர்மேனைப் படைத்த இருவரும் 1938-இல் அவனுடைய உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டனர். அந்த நீதி வீரனைக் கொண்டு கம்பெனி கோடிக்கணக்கில் ஈட்டியிருக்க, அவர்கள் வறுமையுற்று, பகிரங்கமாக முறையிட்ட பிறகே 1975-இல் ஆண்டுக்கு 20,000 டாலர் வீதம் உபகாரச் சம்பளமும் கதைகளில் தம் பெயரும் பெற்றனர். முதலாளித்துவத்தின் வயிறு பெரிது; துதியையும் ஜீரணிக்கும், பரிகாசத்தையும் ஜீரணிக்கும். ஆதலின் சிரிப்பு ஒன்றே அதிகாரத்தை அடக்கிவிடும் என்று எண்ணுவது பேதைமை. சிரிப்பு விழிப்பை உண்டாக்கலாம். விழித்தவன் எழுந்து நடக்க வேண்டியது அவனுடைய வேலை.

வீரரை வணங்காத தேசம் உருப்படுமோ என்று ஒரு சாரார் ஆட்சேபிப்பர். மகா புருஷர்களின் சரித்திரமே உலக சரித்திரம் என்ற கருத்தை 1840-இல் லண்டன் உபந்நியாசங்களில் கார்லைல் வற்புறுத்தினார். அதற்குப் பின் அக்கொள்கைக்கு உலகெங்கும் பக்தர்கள் பெருகினர். தியாகிகளை மறக்கும் தேசம் நன்றி கெட்டது என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் மதிப்பு வேறு, வழிபாடு வேறு. மதிப்பவன் காரணத்தைச் சொல்ல வல்லவன். காரணம் நீங்கினால் மதிப்பும் குறையும். வழிபடுகிறவனோ காரணத்தைக் கேட்பதே பாவமென்கிறான். வீரன் பிழை செய்தால் பிழையைக் குணமென்று வாதிக்கிறான். சுட்டிக்காட்டியவனைத் துரோகி என்கிறான். இடித்துரைக்கும் துணையற்ற அரசனுக்கு வெளிப்பகை வேண்டுவதில்லை என்பது வள்ளுவர் நமக்குக் காட்டிய உண்மை. ஹோம்லாண்டரைச் சூழ்ந்தோரில் உண்மையைச் சொன்னவர் உயிரிழந்தனர், அல்லது ஓடி ஒளிந்தனர், மிஞ்சியவர்கள் துதிபாடிகள். அவனைக் கெடுத்தது மருந்து மட்டுமன்று.

அமெரிக்கர் தம் கற்பனையில் காணும் இவ்வபாயத்தை, நம் தேசத் தலைவர்கள் சுதந்திரம் வருமுன்பே நிஜத்தில் கண்டு எச்சரித்தார்கள் என்பதை நாம் பெருமையுடன் நினைவூட்டுகிறோம். 1937 நவம்பரில் கல்கத்தாவின் ‘மாடர்ன் ரிவியூ’ பத்திரிகையில், சாணக்கியன் என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஜவாஹர்லால் நேருவை ஜனங்கள் அளவுமீறிப் போற்றுகின்றனர், இப்போற்றுதல் அவரைச் சர்வாதிகாரியாக்கிவிடக்கூடும், ஆதலின் அவரை மீண்டும் காங்கிரஸ் தலைவராக்க வேண்டாம் என்பது அதன் சாரம். எழுதியவர் வேறு யாருமல்லர், நேருவேதான். 1948-இல் கேலிச்சித்திரக்காரர் சங்கர் தம் வாரப் பத்திரிகையைத் தொடங்கியபொழுது, தம்மையும் விட்டுவைக்க வேண்டாமென்று சொன்னவரும் அவரே. 1949 நவம்பர் 25-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசிய டாக்டர் அம்பேத்கர், சமயத்தில் பக்தி முக்திக்கு வழியாகலாம், அரசியலிலோ அது இழிவுக்கும் முடிவில் சர்வாதிகாரத்துக்கும் வழி என்று கண்டிப்பாகக் கூறினார். 1975 ஜூனில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. ஒரு தலைவரே தேசம் என்ற துதி அதற்கு முன்பே ஒலிக்கத் தொடங்கிவிட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. சங்கரின் பத்திரிகையும் அவ்வாண்டு ஆகஸ்டில் நின்றது. எச்சரிக்கை பொய்க்கவில்லை.

ஆகவே, அசகாய சூரர்களைப் பற்றிய இப்பரிகாசம் நமக்குக் கற்பிப்பது யாது? நல்ல வீரனைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்பதன்று. எத்துணை நல்லவனாயினும் கணக்குக் கேட்கும் சபையும், குற்றம் விசாரிக்கும் நீதிஸ்தலமும், அஞ்சாது எழுதும் பத்திரிகையும், குறித்த காலத்தில் பதவியிறங்கச் சொல்லும் தேர்தலும் அவனுக்கும் உண்டு என்று ஏற்பாடு செய்யுங்கள் என்பதே. இவை யாவும் மந்தமானவை, பறக்க வல்லவையல்ல. கரகோஷம் பெறத்தக்க கவர்ச்சியும் இவற்றுக்கு இல்லை. எனினும் எளியவனுக்கு நாளையும் நாளை மறுநாளும் நீதி கிடைக்கும் என்ற உறுதி இவற்றாலன்றி வேறெதனாலும் வாராது.

தொடக்கத்தில் கூறிய வீதிக்கே வாசகர்களை மீண்டும் அழைக்கிறோம். கொலை நிகழ்ந்துவிட்டது; கூட்டம் மௌனமாயிருக்கிறது. எவராலும் வெல்ல முடியாத அவ்வீரன் அந்தக் கணத்தில் மட்டும் அஞ்சி நிற்கிறான். எதற்கு அஞ்சினான்? அவனை எதிர்க்க அங்கு சேனை இல்லை, ஆயுதம் இல்லை. நிராயுதபாணிகளான சாதாரண ஜனங்கள் என்ன நினைப்பார்களோ என்றே அஞ்சினான். அந்த ஒரு கணம் அதிகாரம் ஜனங்களின் கையில் இருந்தது. முதலில் எழுந்த கூச்சல் அதை அவன் கையில் கொடுத்துவிட்டது. நம்மில் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு நாள் அத்தகைய கூட்டத்தில் நிற்க நேரிடும். அன்று அருகிலுள்ளவன் ஆரவாரித்தாலும், நம் கைகள் தட்டாதிருக்குமாக!